முந்நூற்று நாற்பது ரூபாய் ஆவி

அட்டைப்பெட்டியில் சிரிக்கிற பெண்ணுக்கு
மூக்கு அடைத்ததே இல்லை.
அவள் முகத்துக்கு முன்னால்
நீலமாய் வரைந்த ஆவி.
விளக்குத்தூண் பக்கம் பேரம் பேசி வாங்கியது,
முந்நூற்று நாற்பது.

போர் தண்ணீர் ஊற்றினேன்.
கொதிக்கவில்லை, துப்பியது.
கன்னத்தில் மூன்று கொப்புளம்.
கேன் தண்ணீர் ஊற்றினேன்.
மறுவீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி
பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது.
"ஒரு சிட்டிகை உப்பு போடுக்கா" என்றாள் பாக்கியம்.
அவள் சிட்டிகை எவ்வளவோ, என் சிட்டிகையில்
ஃபியூஸ் போய்
மூன்று வீடு இருட்டானது.

திருகிக் கழற்றிப் பார்த்தேன்.
சுருள் கம்பி இல்லை, ஒரு மண்ணும் இல்லை.
இரண்டு கறுப்புத் தகடு,
நடுவில் ஒரு விரல் இடைவெளி.
அதைக் கடக்க மின்சாரத்துக்கு உப்பு வேண்டும்.
செல்லூர் போர் தண்ணீரில் விழுந்தடித்து ஓடியது,
கேன் தண்ணீரில் கரையிலேயே நின்றுவிட்டது.
ஒரு டம்ளர் கேனுக்கு இரண்டு கரண்டி போர்.
மூன்று ராத்திரி அளந்து கண்டுபிடித்தேன்.
சாம்பாருக்குக்கூட நான் இப்படி அளந்ததில்லை.

கீழமாசி வீதி மில்லில் வற்றல் அரைக்கிறேன்.
பதினோரு வருஷமாய்ச் சிவப்பு மூச்சு.
முதலில் தும்மல் போனது,
முதலாளி சந்தோஷப்பட்டார்.
பிறகு வாசனை போனது,
அது ஒச்சப்பனுக்கு மட்டும் தெரியும்.
ராத்திரி சட்டியை அவர் மூக்குக்கு நீட்டுவேன்.
"ஊசிருச்சா பாருங்க."
"நல்லாத்தான் இருக்கு."

நொச்சி இலையைத் தண்ணீரிலேயே போட்டது முதல் தப்பு.
தகட்டில் கீரை மாதிரி கருகி ஒட்டியது,
பிளேடால் சுரண்டினேன்.
இரண்டாவது தப்பு பெரியது.
எவர்சில்வர் டம்ளரில் ஓட்டை போட்டு
மூடியாய்க் கவிழ்த்தேன்.
பார்க்க அழகாய் இருந்தது.
என்ன தோன்றியதோ, டெஸ்டர் வைத்தேன்.
கைப்பிடிக்குள்
குட்டியாய் ஒரு விளக்கு எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு
கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்கார்ந்ததால்தான் கட்டிலுக்கு அடியில் தெரிந்தது,
தறியிலிருந்து ஒச்சப்பன் கொண்டுவந்து போடுகிற
காலி நூல் கோன்கள்.
எதற்கு என்று நான் கேட்டதில்லை,
கேட்டாலும் அவரிடம் பதில் இருந்திருக்காது.
பிளாஸ்டிக்.
அகன்ற பக்கம் ஆவியின் வாய்க்கு
(சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றினால் சரியாய் உட்காரும்),
குறுகிய பக்கம் என் மூக்குக்கு.
நடுவில் ஒரு நைலான் வடிகட்டி,
அதில் நொச்சி, இரண்டு ஓமவல்லி.
தண்ணீர் இலையைத் தொடாது.
ஆவி மட்டும் இலைக்குள் புகுந்து
பச்சையாய் வெளியே வரும்.
பச்சை என்றது சும்மா. நிறம் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் ராத்திரி
புருவத்துக்கு நடுவில் எதுவோ சொடுக்கியது.
முதலில் வந்தது நொச்சி என்றுதானே நினைப்பீர்கள்?
பந்தல்குடி வாய்க்கால்.
ஜன்னல் வழியாய் வந்து
செருப்போடு வீட்டுக்குள் நின்றது.
இத்தனை நாள் இதோடுதான் படுத்திருந்தேனா!
போர்வைக்குள் தனியாய்ச் சிரித்தேன்,
கோன் நழுவி விழுந்தது.

ஒச்சப்பனிடம் சொல்லவில்லை.
விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன்.

விடிந்ததும் அவர் பழக்கத்தில்
நான் நீட்டாமலே சட்டியைத் திறந்து முகர்ந்தார்.
"நல்லாத்தான் இருக்கு" என்று
தட்டைப் போட்டு உட்கார்ந்தார்.
இரண்டடி தள்ளி நின்ற எனக்கே
புளித்த நெடி வந்து முகத்தில் அடித்தது.

எத்தனை சட்டி.

ஒன்றும் கேட்கவில்லை.
சட்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு வந்து
ரவை வறுத்தேன்,
வாசனை வரும்வரை,
வந்த பிறகும் கொஞ்ச நேரம்.